பதினேழாம் நம்பர் துண்டு

பகலெல்லாம் கருங்கல் கூட்டுறவு வங்கியில்
அடகு நகை நிறுக்கிறேன்.
கொக்கி, சுரை, தாலியில் ஒட்டிய மஞ்சள் அழுக்கு
எல்லாம் மில்லிகிராமில்.
இரவு ஒன்பதரைக்கு மேல்
சாப்பாட்டு மேசையில் பழைய தினசரி விரித்து
பெட்டியைத் திறக்கிறேன்:
ஒரு சாண் உயர ரோபோ,
தொண்ணூற்றிரண்டு துண்டுகளாக.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
கைபேசி உறை விற்கிற பையன் வரவழைத்துத் தந்தது.
"பிள்ளைக்கா அண்ணா?" என்றான்.
ஆமா என்றேன்.
பிள்ளை கோயம்புத்தூரில்
நர்சிங் மூன்றாம் வருஷம்.

நாற்பத்தொன்பது வயது.
கண்ணாடி இரண்டு:
தூரத்துக்கு ஒன்று, துண்டுகளுக்கு ஒன்று.
நகவெட்டி என்னுடையது.
சிவப்பு மட்டும் ஷெர்லினுடைய நகப்பூச்சு.
"கேக்காம எடுத்தா கை ஒடியும்" என்பாள்
கொரிய சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல்.
அந்த ஊர்ப் பேச்சில் அவளுக்குப் பதினோரு சொல் தெரியும்.
ரப்பர் பால்வெட்ட வருகிற செல்லையனுக்குக்
காலை வணக்கமே அதில்தான்.
அவர் மலையாளம் என்று நினைத்து
"சுகந்தன்னே" என்கிறார்.
இரண்டு வருஷமாக இப்படிப் போகிறது.
யாரும் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை படத்துக்குத் தனியாகப் போனேன்.
முன்வரிசைக் காலேஜ் பையன்கள்
காகிதம் கிழித்து வீச
எனக்கும் நாக்கு மடங்கியது.
மேல்பல் இரண்டு போனதிலிருந்து
விசில் வராது, காற்றுதான் வரும்.
இருட்டில் யாருக்குத் தெரியும்?
ஊதிக்கொண்டேயிருந்தேன்.
வெளியே வந்தால் மழை,
ஸ்கூட்டர் சீட்டில் ஒரு குளம்.

பதினேழாம் நம்பர்தான் வலது கை.
சனிக்கிழமை ராத்திரி
கடைசி விரலுக்குச் சாயம் காயும்போது கரண்ட் போயிற்று.
வந்தபோது ரோபோ நின்றது,
மணிக்கட்டில் வெறும் குழி.
பத்திரமாக எங்கேயோ வைத்த ஞாபகம் மட்டும் இருந்தது.
கட்டிலடி, துடைப்பத்தின் மயிர்,
மட்டிப்பழக் குலைக்குக் கீழே எறும்பு வரிசை
ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்.
ஷெர்லின் டார்ச் பிடித்தாள்.
"ஒரு கை இல்லேண்ணா என்ன, நிக்குதில்லியா?"
நிற்கிறது.
நிற்பதற்கா வாங்கினேன்?
பின்னே எதற்கு என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ,
நிறுத்து, கவரில் போட்டு, அரக்கு வைத்து
இன்னொருத்தர் பேரெழுதிப் பூட்ட வேண்டாத பொருள்
வீட்டில் ஒன்றாவது இருக்கட்டும் என்று.

செவ்வாய்க்கிழமை கோயில் கணக்கர்
மரியசிலுவை அண்ணன் போன்:
"நேத்து உண்டியல் எண்ணினோம்.
ஒரு கை கெடந்துது.
வெள்ளியில்ல கேட்டியா, பிளாஸ்டிக்கு.
வெரலெல்லாம் செவப்பு.
ஞாயிறு பூசைக்கு நீ சட்டைப்பைய
அப்படியே கவுத்தினத நான் கண்டேன்.
என்னடே, நேர்ச்சையா?
கைக்கு என்ன?"

சிரிக்க வாய் எடுத்தேன்.
இரண்டு மாதமாய் வலது மணிக்கட்டு
ரசீதில் கையெழுத்துப் போடும்போதெல்லாம்
சுருக்கென்கிறது.
ஷெர்லினிடம்கூடச் சொல்லவில்லை.
சொன்னால் முதலில் மேசையிலிருந்து போவது
இந்தப் பெட்டியாகத்தான் இருக்கும்.

"கொஞ்சம் வேதனை உண்டு, அண்ணே."

"செரியாவும். சாமியார்ட்ட சொல்லுகேன்,
ஒரு ஜெபத்துல சேத்துக்கிடட்டு."

அதற்குப் பிறகு
அந்தக் கையைத் திருப்பித் தருவியளா என்று
எப்படிக் கேட்க?
புனிதர் பாதத்தில்
வெள்ளிக் கண், வெள்ளிக் கால்களுக்கு நடுவே
அது கிடக்கட்டும்.

சாயங்காலம் வந்து பார்த்தால்
பல்வலிக்கு வாங்கிய கிராம்பு ஒன்றை
ரோபோவின் மணிக்கட்டுக் குழியில்
ஷெர்லின் செருகி வைத்திருக்கிறாள்.
கதாயுதம் மாதிரிதான் இருக்கிறது,
வாசனை வேறு.

கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு
பதினெட்டாம் நம்பரைத் தேடுகிறேன்.